உச்சிமுராவை ஏன் ஆண்களில் மிகச் சிறந்தவர் என்கிறார்கள்?

கேள்வி இது: "அமெரிக்க ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸ் பெயர் எல்லாருக்கும் தெரிகிறது. ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் அப்படி ஒருவர் உண்டா? ஜப்பானின் உச்சிமுரா என்கிறார்கள். அவர் அப்படி என்னதான் செய்தார்? ஓர் ஆண் ஜிம்னாஸ்ட் எத்தனை வயது வரை தாக்குப்பிடிக்க முடியும்?"

உண்டு, அவர்தான். கோஹெய் உச்சிமுரா. 2009 முதல் 2016 வரை எட்டு வருடங்கள் நடந்த ஆறு உலகச் சாம்பியன்ஷிப், இரண்டு ஒலிம்பிக் ஆகிய எட்டிலும் ஆல்-அரவுண்ட் தங்கம் இவருக்குத்தான். இவருக்கு முன்னால் ஆண்களில் எவருமே உலகச் சாம்பியன்ஷிப் ஆல்-அரவுண்டைத் தொடர்ந்து மூன்று முறைகூட வென்றதில்லை. ஜப்பான் தேசியப் போட்டிகளையும் சேர்த்தால், 2008 கடைசியிலிருந்து 2017 வரை வரிசையாக 40 ஆல்-அரவுண்ட் போட்டிகளில் தோற்கவே இல்லை.

ஆனால் பதக்கக் கணக்கை மட்டும் சொன்னால் விஷயம் புரியாது. ஆல்-அரவுண்ட் என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிடலாம்.

ஆண்களுக்கு ஆறு கருவிகள்: ஃப்ளோர் (தரை), பாம்மல் ஹார்ஸ் (இரண்டு கைப்பிடி வைத்த மேடைமேல் கையூன்றிச் சுற்றுவது), ரிங்ஸ் (தொங்கும் இரண்டு வளையங்கள்), வால்ட் (ஓடி வந்து மேடையைத் தாண்டுவது), பேரலல் பார்ஸ் (இணையாக இரண்டு கம்பிகள்), ஹை பார் (உயரத்தில் ஒற்றைக் கம்பி). ஒரே மாலையில் ஆறையும் செய்ய வேண்டும், ஆறின் மதிப்பெண்ணையும் கூட்டித்தான் வெற்றி. கருவியில் இருக்கும் நேரத்தை மட்டும் கூட்டினால் ஐந்து நிமிடத்தைத் தொடாது. சிக்கல் என்னவென்றால், இந்த ஆறும் கேட்கும் உடம்பு ஒன்றல்ல. ரிங்ஸில் கைகளைப் பக்கவாட்டில் விரித்துச் சிலுவை மாதிரி நிற்கத் தோளும் மார்பும் கல்லாக இருக்க வேண்டும். அதே தோள் எடையோடு பாம்மல் ஹார்ஸில் சுற்றினால் மணிக்கட்டு கெஞ்சும். அங்கே மெலிந்த உடம்பும் நீண்ட கையும்தான் வசதி. ஃப்ளோரும் வால்ட்டும் காலின் வேலை. ஹை பாரில் கால் வெறும் சுமை, பிடியும் துணிச்சலும்தான் முக்கியம். அதனால்தான் பலர் ஒன்றிரண்டு கருவியோடு நின்றுவிடுகிறார்கள், அதில் தப்பும் இல்லை. உச்சிமுரா சுமார் 162 செ.மீ. உயரம். ரிங்ஸிலும் பாம்மலிலும் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் எப்போதும் இருந்தார்கள். ஆனால் ஆறில் ஒன்றில்கூட அவரிடம் ஓட்டை கிடையாது.

இனி மதிப்பெண். பழைய 'பெர்ஃபெக்ட் 10' முறையை 2006-இல் கைவிட்டுவிட்டார்கள். இப்போது இரண்டு பகுதி. என்னென்ன வித்தைகள் செய்தாய் என்பதற்குக் கடினப் புள்ளி. அதற்கு உச்சவரம்பு இல்லை. எவ்வளவு சுத்தமாகச் செய்தாய் என்பதற்கு 10-இலிருந்து கழித்துக்கொண்டே வரும் புள்ளி. சின்னத் தவறு 0.1, நடுத்தரம் 0.3, பெரியது 0.5, விழுந்தால் 1.0. இரண்டையும் கூட்டினால் மொத்தம். புது முறை வந்ததும் பலர் கடினப் புள்ளியைத் துரத்தினார்கள். கால் கோணினாலும் பரவாயில்லை, காற்றில் உடம்பைத் திருகிச் சுழலும் முறுக்கில் இன்னொன்றைச் சேர்த்துக்கொள் என்ற காலம் அது. உச்சிமுரா கடினத்தையும் சேர்த்தார், கால் கட்டைவிரல் நுனியையும் விடவில்லை. என் கண்ணில் அவருடைய பெருமை முழுக்க இங்கேதான். இன்னும் குறுக்கிச் சொன்னால், அவருடைய தரையிறக்கத்தில்.

காற்றில் இரண்டரை முறுக்கு முடித்துக் கீழே வரும் ஒருவர், தரை எங்கே என்று கண்ணால் பார்க்கக் கிடைப்பது கடைசி நொடித் துணுக்கில்தான். குதிகால் மெத்தையில் பதியும்போது உடம்பு இன்னும் பின்னாலோ பக்கவாட்டிலோ ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்த ஓட்டத்தை முழங்காலும் இடுப்பும் விழுங்க வேண்டும். விழுங்க முடியாவிட்டால் ஒரு சின்னத் துள்ளல், 0.1 போயிற்று. 2012 லண்டன் ஒலிம்பிக் ஆல்-அரவுண்ட் இறுதியில் உச்சிமுராவின் வால்ட்டைத் தேடிப் பாருங்கள். ஓடி வந்து, கையை ஊன்றிப் பின்புறமாகப் பலகையில் குதித்து, நீட்டிய உடம்போடு இரண்டரை முறுக்கு. இறங்கியதும் ஆணி அடித்த மாதிரி நிற்கிறார். பாதம் அசையவே இல்லை. 16.266. மூன்றாவது கருவி அது. அங்கேயே போட்டி முடிந்துவிட்டது என்று சொல்வேன். கடைசியில் ஃப்ளோரில் கொஞ்சம் தடுமாறியும்கூட 92.690 எடுத்து, இரண்டாவது வந்த ஜெர்மனியின் மார்செல் நுயெனை 1.659 புள்ளி வித்தியாசத்தில் முந்தினார். தகுதிச் சுற்றில் இதே ஆள் கீழே விழுந்து ஒன்பதாவது இடத்தில் இருந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எங்கிருந்து வந்தார்? பிறந்தது 1989 ஜனவரி 3, கிட்டாக்யூஷு நகரத்தில். வளர்ந்தது நாகசாகி மாவட்டத்தின் ஈசஹாயாவில். அப்பா, அம்மா இரண்டு பேருமே முன்னாள் ஜிம்னாஸ்ட்கள். அங்கே சொந்தமாக ஒரு பயிற்சிக் கூடம் நடத்தினார்கள். மூன்று வயதிலிருந்து பையன் அங்கேயேதான் கிடந்தான். பிறவி மேதை என்று நினைக்க வேண்டாம். சிறுவனாக ஆடிய முதல் போட்டியில் கடைசி இடம். வீட்டுக் கூடத்து டிராம்போலினில் மணிக்கணக்கில் குதித்ததுதான் பிற்காலத்தில் அவருக்குக் கைகொடுத்தது என்பது என் கணிப்பு. காற்றில் தன் உடம்பு எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்ற உணர்வை வளர்க்க அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

15 வயதில் வீட்டை விட்டு டோக்கியோவுக்குப் போனார். நவோயா ட்சுகாஹாராவோடு சேர்ந்து பயிற்சி செய்ய வேண்டும் என்பது ஆசை. 2004 ஏதென்ஸில் அணித் தங்கம் வென்ற ஜப்பான் அணியில் இருந்தவர் அவர். அவருடைய அப்பா மிட்சுவோ ட்சுகாஹாராவின் பெயரில்தான் இன்றைக்கும் ஒரு வால்ட் வகை இருக்கிறது. அந்த வீட்டுக் கூடத்திலிருந்து இந்தப் பரம்பரைக்கு ஒரு பையன் தானாகவே நடந்து போய்ச் சேர்ந்தான் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

2008 பெய்ஜிங் வந்தபோது அவருக்கு 19 வயது. ஆல்-அரவுண்ட் இறுதியில் பாம்மல் ஹார்ஸில் இரண்டு முறை விழுந்தார். பட்டியலின் அடிமட்டத்துக்கே போய்விட்டார். மற்றவர்களாக இருந்தால் அன்றைய கதை அங்கேயே முடிந்திருக்கும். மீதிக் கருவிகளில் ஒவ்வொரு படியாக ஏறி, சீனாவின் யாங் வெய்க்கு அடுத்தபடியாக வெள்ளியில் வந்து நின்றார். அடுத்த வருடம் லண்டனில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் முதல் பட்டம், இரண்டாமவரைவிட 2.575 அதிகம். 2011 டோக்கியோவில் அந்த இடைவெளி 3 புள்ளிக்கும் மேல். இந்த எண்களின் கனம் புரிய நமக்குத் தெரிந்த ஓர் உதாரணம் சொல்கிறேன். 2016 ரியோ ஒலிம்பிக் வால்ட்டில் தீபா கர்மாகர் வெண்கலத்தைத் தவறவிட்டு நாலாவது வந்தாரே, அந்த இடைவெளி 0.150. இந்த விளையாட்டில் பதக்கங்கள் கை மாறுவது அப்படிப்பட்ட தூரத்தில்தான். 3 புள்ளி என்றால், உச்சிமுரா இரண்டு முறை விழுந்து எழுந்திருந்தாலும் ஜெயித்திருப்பார்.

ஆனால் அவருக்கு உள்ளூர ஒரு குறை இருந்தது. தனிநபர் தங்கம் எத்தனை வந்தாலும் அணித் தங்கம் வரவில்லை. பேட்டிக்குப் பேட்டி அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். 2012 லண்டன் அணி இறுதியில் ஜப்பானின் கடைசி ஆட்டம் பாம்மல் ஹார்ஸில், அதுவும் இவருடையது. முடிக்கும் இடத்தில் கையில் நின்று இறங்க வேண்டிய நேரத்தில் குலைந்துபோனார். மதிப்பெண் பலகையில் ஜப்பான் நாலாவது, உக்ரைன் மூன்றாவது. ஜப்பான் தரப்பு முறையீடு செய்தது. இறக்கத்துக்குக் கடினப் புள்ளி கணக்கில் வந்திருக்க வேண்டும் என்று நடுவர்கள் ஒப்புக்கொண்டு 0.7 கூட்டினார்கள். ஜப்பானுக்கு வெள்ளி. பிரிட்டன் வெண்கலத்துக்கு இறங்கியது. உக்ரைனுக்கு ஒன்றுமில்லை. அந்த உக்ரைன் அணியில் 18 வயதுப் பையன் ஒருவன் இருந்தான், ஒலெக் வெர்னியாயெவ். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2014-இல் சீனாவின் நானிங்கில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் அணித் தங்கம் 0.1 புள்ளியில் கை நழுவியது. யாரோ ஒருவருடைய ஒரே ஒரு சின்னத் துள்ளல், அவ்வளவு தூரம். 2015 கிளாஸ்கோவில்தான் வந்தது. உலகச் சாம்பியன்ஷிப்பில் ஜப்பானுக்கு 37 வருடத்துக்குப் பிறகு கிடைத்த அணித் தங்கம். கடைசிக் கருவியான ஹை பாரில் உச்சிமுராவே கீழே விழுந்தார், ஆனாலும் முன்னிலை தாங்கியது. அதே ஹை பாரில் சில நாள் கழித்துத் தனிநபர் தங்கமும் வாங்கினார்.

ரியோ, 2016. அணித் தங்கம் வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 10, ஆல்-அரவுண்ட் இறுதி. நம்மூர் நேரத்துக்கு நள்ளிரவு தாண்டி. தூக்கத்தை விட்டுப் பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஐந்து கருவி முடிந்தபோது வெர்னியாயெவ் 0.901 முன்னால். 22 வயது, பயமே தெரியாத ஆட்டம். உச்சிமுராவுக்கு 27, முந்தைய நாட்களின் களைப்பு வேறு. மிச்சம் ஹை பார் மட்டும்.

ஹை பாரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். சுமார் 9 அடி உயரத்தில் ஒற்றை இரும்புக் கம்பி. கையில் தோல் பட்டை, அதன் விரல் பக்கம் ஒரு சின்ன உருளை, கம்பியைக் கவ்வுவதற்காக. மேலே மெக்னீசியம் பொடி. (பேரலல் பார்ஸில் இதோடு தேனையும் தடவுவார்கள். வழுக்காமல் இருக்க அதுதான் தோது என்பது பழைய கைப்பழக்கம். போட்டி முடிந்த பார்களைத் தொட்டால் பிசுக்கென்று ஒட்டும்.) கம்பியை விட்டுப் பறந்து மறுபடி பிடிப்பதில்தான் புள்ளி. பிடி ஒரு விரலளவு தப்பினாலும் மெத்தைதான். தகுதிச் சுற்றில் உச்சிமுரா இதே கம்பியிலிருந்து விழுந்திருந்தார்.

அன்று விழவில்லை. பறந்த ஒவ்வொரு முறையும் பிடித்தார். நடுவில் எங்கோ இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்த வலியோடுதான் கடைசிச் சுற்று சுற்றிக் கையை விட்டார். இறங்கினார். அசையவில்லை. 15.800.

பிறகு வெர்னியாயெவ். சுத்தமாகத்தான் செய்தார். ஆனால் அவருடைய ஆட்டம் அவ்வளவு கடினமானதல்ல. இறங்கும்போது ஒரு துள்ளல் வேறு. 14.800. கூட்டிப் பார்த்தால் 92.365-க்கு 92.266. வித்தியாசம் 0.099. தரையிறக்கத்தைப் பற்றி ஏன் இவ்வளவு புலம்பினேன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

அரங்கத்திலேயே முணுமுணுப்பு இருந்தது. பத்திரிகையாளர் சந்திப்பில் ஒருவர் உச்சிமுராவிடமே, நடுவர்கள் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டார். பதிலைச் சூடாகச் சொன்னது வெர்னியாயெவ். மதிப்பெண் நியாயமானது, இது வீண் கேள்வி என்று அடித்துச் சொன்னார். லண்டனில் முறையீட்டால் வெண்கலத்தையும் இங்கே 0.099-இல் தங்கத்தையும் இதே ஆளிடம் இழந்தவர் அவர். எனக்கு அன்றைய தங்கத்தைவிட அந்தப் பதில்தான் பெரிதாகத் தெரிந்தது. சில நாள் கழித்து பேரலல் பார்ஸில் அவருக்கும் ஒரு தங்கம் வந்தது, சந்தோஷம்.

இடையில் ஒரு வேடிக்கை. ஒலிம்பிக்குக்காக பிரேசில் போய் இறங்கியதும் உச்சிமுரா போக்கிமான் கோ விளையாடித் தள்ளியதில், ரோமிங் பில் சுமார் 5 லட்சம் யென் வந்துவிட்டது. அப்புறம் போன் கம்பெனி இரங்கித் தினக் கட்டணத் திட்டத்துக்கு மாற்றிக் குறைத்துக் கொடுத்தது. 0.1 புள்ளியைக்கூட விடாத மனுஷன் மொபைல் டேட்டாவைக் கோட்டை விட்டார்.

ரியோவோடு ஒலிம்பிக் ஆல்-அரவுண்ட் பட்டத்தைத் தக்கவைத்த நாலாவது ஆண் ஆனார். முன்னால் 1908, 1912-இல் இத்தாலியின் பிராலியா, 1952, 1956-இல் சோவியத்தின் சுக்காரின், 1968, 1972-இல் ஜப்பானின் சாவாவோ காட்டோ. 44 வருட இடைவெளி.

அதே வருடக் கடைசியில் கம்பெனி அணியை விட்டு வெளியே வந்தார். ஜப்பானில் பல விளையாட்டு வீரர்கள் பெரிய நிறுவனங்களின் அணியில் சம்பளத்துக்கு இருப்பார்கள். நம்மூரில் ரயில்வே வேலையில் இருக்கும் வீரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதுகாப்பை விட்டுவிட்டு ஜப்பானின் முதல் தொழில்முறை ஜிம்னாஸ்ட் ஆனார்.

நீங்கள் கேட்ட வயது விஷயம் இங்கேதான் வருகிறது. ஆண் ஜிம்னாஸ்டுக்குத் தசை பலம் முழுசாகக் கூடுவது இருபதுகளில். அதனால் 22-இலிருந்து 28 வரை நல்ல காலம் என்று வைத்துக்கொள்ளலாம். அதன்பின் அறிவு கூடிக்கொண்டே போகும், மூட்டுகள் ஒவ்வொன்றாக ராஜினாமா செய்யும். 2017 மாண்ட்ரியல் உலகச் சாம்பியன்ஷிப், தகுதிச் சுற்று, வால்ட். எந்தத் தரையிறக்கத்தால் பெயர் வாங்கினாரோ அதே தரையிறக்கத்தில் இடது கணுக்கால் மடங்கியது. போட்டியிலிருந்து விலகினார். எட்டு வருட வரிசை அங்கே அறுந்தது. யாரும் அவரைத் தோற்கடிக்கவில்லை, கணுக்கால்தான் தோற்கடித்தது.

அப்புறம் தோள்கள். 2019-இல் உலகச் சாம்பியன்ஷிப் அணியிலேயே இடம் கிடைக்கவில்லை. ஊசி, சிகிச்சை என்று பார்த்தும் தேறவில்லை. 2020-இல் ஒரு முடிவெடுத்தார், இனி ஹை பார் மட்டும். வெளியே இருந்து பார்த்தால் சாதாரணச் செய்தி. ஆறையும் செய்தால்தான் ஜிம்னாஸ்டிக்ஸ் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

ஆனால் ஒற்றைக் கருவி என்றதும் சும்மா இருக்கவில்லை. முப்பதைத் தாண்டிய வயதில் ஹை பாரிலேயே மிகக் கடினமான பறப்புகளில் ஒன்றான பிரெட்ஷ்னைடரைக் கற்றுக்கொண்டார். கம்பிக்கு மேலே பின்பக்கமாக இரண்டு குட்டிக்கரணம், அதற்குள்ளேயே இரண்டு முறுக்கு, பிறகு பிடி. 2020 நவம்பரில், கொரோனா நடுவே டோக்கியோவில் நடந்த சின்ன சர்வதேசப் போட்டியில் அதைச் சேர்த்து 15.200 எடுத்தார். அந்தப் போட்டியே அவருக்குக் கிடைக்காமல் போயிருக்கும். சில நாள் முன்புதான் கொரோனா பாசிட்டிவ் என்று முடிவு வந்து, மறுபடி சோதித்ததில் அது தவறு என்று தெரிந்தது.

டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தனிநபர் இடத்தை வால்ட் வீரர் ஒருவரோடு மல்லுக்கட்டி மயிரிழையில் பிடித்தார். நாலாவது ஒலிம்பிக், வயது 32. சொந்த நாட்டில் ஒலிம்பிக், ஆனால் அரிஆகே அரங்கில் பார்வையாளர் கிடையாது. 2021 ஜூலை 24. பிரெட்ஷ்னைடரைப் பிடித்தார். அடுத்த பறப்புகளையும் பிடித்தார். கஷ்டமெல்லாம் முடிந்தது என்று மூச்சு விடும் நேரத்தில், கம்பியிலேயே கை மாற்றித் திரும்பும் இடத்தில் பிடி நழுவியது. குப்புற விழுந்தார். 13.866. இறுதிக்குப் போகவில்லை. அந்த ஒலிம்பிக்கில் ஆல்-அரவுண்ட், ஹை பார் இரண்டு தங்கமும் 19 வயது டைகி ஹாஷிமோட்டோவுக்குப் போயின. பெய்ஜிங்கில் உச்சிமுராவுக்கு இருந்த அதே வயது.

அதே அக்டோபரில் உலகச் சாம்பியன்ஷிப் கிட்டாக்யூஷுவில் நடந்தது, பிறந்த ஊரில். இந்த முறை ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஹை பார் இறுதியில் ஆறாவது இடம், 14.600. பதக்கம் இல்லை. ஆனால் இறங்கிய இடத்தில் அப்படியே நின்றார், லண்டனில் நின்ற மாதிரி.

2022 ஜனவரியில் ஓய்வை அறிவித்தார். கணக்கில் ஏழு ஒலிம்பிக் பதக்கங்கள், மூன்று தங்கம், நாலு வெள்ளி. உலகச் சாம்பியன்ஷிப்பில் 21, அதில் 10 தங்கம். மார்ச் 12-இல் டோக்கியோவில் விடைபெறும் நிகழ்ச்சி. ஹை பார் மட்டும் ஆடிக் கைகாட்டிவிட்டுப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அன்றைக்கு அந்தத் தோளையும் கணுக்காலையும் வைத்துக்கொண்டு ஃப்ளோரில் தொடங்கி ஆறு கருவியும் ஆடினார்.